நல்ல தண்ணிதானே பட்டுச்சு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போனதே, நினைவிருக்கிறதா? கரண்ட் வந்து, தெருவில் தண்ணீர் வடிந்து, மனிதர்கள் மூச்சு விட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வேலை தொடங்கும். மழை நாளில் எனக்கு ஒரு போன் வராது. வெயில் அடித்த மூன்றாம் நாள் காலையிலிருந்து விடாமல் அடிக்கும்!

நான் செய்வது வீடு வீடாகப் போய் ஸ்கிரீன் துணி சுத்தம் செய்கிற வேலை. கழற்றி எடுத்து வந்து, துவைத்து, காயவைத்து, மறுபடியும் கொண்டுபோய் மாட்டித் தருவேன். "இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று என் நாத்தனாரே ஒரு காலத்தில் சிரித்திருக்கிறாள். இப்போது அவள் வீட்டு ஸ்கிரீனும் என்னிடம்தான் வருகிறது. அது கிடக்கட்டும்.

அந்த வருஷம் முதலில் வந்த போன் நங்கநல்லூரிலிருந்து. சின்னப் பெண்ணின் குரல். பின்னால் கைக்குழந்தை அழுகிற சத்தம்.

"அக்கா, கிரீம் கலர் காட்டன் ஸ்கிரீன். மேலேர்ந்து கீழ வரைக்கும் பழுப்புக் கோடு விழுந்திருக்கு. சாக்கடைத் தண்ணியா இருந்தா சரி. நல்ல மழைத் தண்ணிதானே பட்டுச்சு? அது எப்படிக்கா கறையாகும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியைப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் கேட்டேன். பதில் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு நாலாயிரம் ரூபாய்!

அந்தக் கதையைச் சொல்லிவிட்டு நங்கநல்லூருக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். 2003-ல் மெஷினில் கை மாட்டி இரண்டு விரல் போயிற்று. பையன் ஐந்தாவது, பெண் இரண்டாவது படித்த சமயம். நான் ஒரு சலவைக் கடையில் உதவிக்குச் சேர்ந்தேன். மாதம் ஆயிரத்து எண்ணூறு சம்பளம். துணிக்கு நம்பர் கட்டுவது, பட்டன் பார்ப்பது, பையில் சில்லறை இருந்தால் எடுத்துக் கொடுப்பது, இதுதான் வேலை. அங்கே ஒரு பெரியவர் இருந்தார். சேத்துப்பட்டு சலவைத்துறையில் சின்ன வயதிலிருந்து நின்றவர். கறை எடுப்பதெல்லாம் அவர் கைதான். நான் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி.

2005-ல் தனியாக ஒரு வேலை பிடித்தேன். பெரிய வீடு. டஸ்ஸர் பட்டில் தைத்த ஸ்கிரீன், சந்தன நிறம். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தண்ணீர்க் கறை. ஓரத்தில் மட்டும் பழுப்பாக, தேசப்படத்தில் தீவு போட்ட மாதிரி. 'பூ! இவ்வளவுதானா' என்று ஈரத் துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்தேன். கறை போயிற்று. போயிற்றா? காய்ந்ததும் பார்த்தால் பழைய வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம்! மறுபடி துடைத்தேன். மூன்றாவது வட்டம். பதற்றத்தில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டு வைத்தேன். அவ்வளவுதான். பட்டு மஞ்சளடித்து, கை வைத்த இடம் நைந்து விட்டது. பட்டுக்கும் கம்பளிக்கும் குளோரின் ஆகாது என்பது அன்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தை: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே." அது திட்டைவிட வலித்தது. மாதம் ஐந்நூறு வீதம் எட்டு மாதத்தில் அடைத்தேன். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே அம்மாள் கூப்பிட்டு இன்னொரு ரூம் ஸ்கிரீனைக் கொடுத்தார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் மாடிப்படியில் நின்று அழுதேன்.

பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். "நல்ல தண்ணிதானே ஐயா பட்டுது?"

அவர் சிரித்தார். "தண்ணி அயுக்கைக் கொண்டாந்துச்சுன்னா நெனைக்கிற? உள்ளார இருந்ததைத் தள்ளிக்கினு போய் ஓரத்துல வுட்டுச்சு. கறைன்னா இன்னாம்மா? தண்ணி போய் ஒதுங்கின கரை!"

யோசித்துப் பாருங்கள். ஸ்கிரீனை வருஷக்கணக்கில் தொங்கவிடுகிறோம். தெருப் புழுதி, தாளிப்புப் புகை, ஊதுவத்திப் புகை, துணியில் போட்ட கஞ்சி எல்லாம் நூலுக்குள் ஒரே சீராக உட்கார்ந்திருக்கும். பருத்தி நூலே நாளாக நாளாகப் பழுத்து லேசாக மஞ்சள் கசியும். எல்லா இடத்திலும் சமமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரு இடத்தில் தண்ணீர் பட்டதும் அதெல்லாம் கரைந்து, ஈரம் பரவப் பரவ அதோடு நகரும். ஈரம் எங்கே நிற்கிறதோ அந்த விளிம்பில்தான் தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் போய்விடும், சுமை தங்கிவிடும். மேஜைமேல் சிந்திய காபித் துளி காய்ந்தால் நடுவில் வெளுத்து ஓரம் மட்டும் கறுத்திருக்குமே, அதே கதைதான்.

அதனால்தான் கறை இருக்கும் இடத்தை மட்டும் துடைத்தால், கறையைச் சும்மா நாலு விரல் தள்ளி வைக்கிறோம். எடுப்பதென்றால் முழு ஸ்கிரீனும் நனைய வேண்டும். அப்போதுதான் அழுக்கு ஒதுங்குவதற்குக் 'கரை' இருக்காது, தண்ணீரோடு வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

சரி, நங்கநல்லூருக்கு வாருங்கள்.

மாடி வீடு. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்தாச்சா? நல்லா பாரும்மா. என் பிள்ளை கல்யாணத்துக்குன்னு நானே கடை கடையா ஏறி எடுத்த துணி. ஜன்னலைச் சாத்துன்னு சொன்னா காதுல வாங்கினாத்தானே? மழை வர்ற வரைக்கும் திறந்து போட்டுக்கிட்டு... போன வருஷமும் இதே கதைதான்!"

மாமியார். ஹாலில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. "இந்த ரூம்தான்கா" என்று அழைத்துப் போனாள். உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னாள். "சாத்தித்தான் வெச்சேன்கா. சத்தியமா. ரெண்டு வருஷமா சொல்லிட்டேன், யாரும் நம்பலை. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு, திறந்து வெச்சிட்டேனோன்னு."

ஸ்கிரீனைத் தொடுமுன் நான் எப்போதும் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்ப்பேன். கறைக்கு ஒரு ஜாதகம் உண்டு. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அது சொல்லிவிடும். திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தால் நடுவிலும் கீழேயும் திட்டுத் திட்டாக விழும். ஜன்னல் பக்கம் இருக்கிற முதுகுப்புறம்தான் அதிகம் நனைந்திருக்கும். தரை ஈரத்தைத் துணி உறிஞ்சினால் கீழிருந்து மேலே ஏறி, அளவு கோல் வைத்த மாதிரி ஒரே மட்டத்தில் நிற்கும். சின்னச் சின்னதாகச் செம்புள்ளிகள் இருந்தால் அது தண்ணீர்க் கறையே இல்லை, ஜன்னல் கம்பியோ ஸ்கிரீன் கொக்கியோ துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஸ்கிரீனில் கறை உச்சியில் ஆரம்பித்தது. கொக்கி மாட்டுகிற மடிப்பிலேயே! அங்கிருந்து இறங்கி, கீழே வர வர விரிந்து, ஓரங்களில் பழுப்புக் கோடு. ஸ்கிரீன் கம்பி ஜன்னல் சட்டத்துக்கு அரை அடி மேலே அடித்திருந்தது. ஜன்னலை விரியத் திறந்து வைத்தாலும் மழை அங்கே எப்படி ஏறும்?

ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறினேன். கம்பியைத் தாங்குகிற கிளாம்பு துருவேறி இருந்தது. அதற்குப் பின்னால் சுவர்ப் பெயிண்ட் பொரிப் பொரியாக உப்பியிருந்தது. விரலால் தொட்டேன், சில்லென்று ஈரம். சன்ஷேடும் சுவரும் சேருகிற இடத்தில் வெளியே விரிசல் இருந்தால் இப்படித்தான் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

"அம்மா, ஒரு நிமிஷம் இங்க வர்றீங்களா?" என்று ஹாலைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

வந்தார். ஸ்டூலில் ஏற முடியாது என்பதால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கறை ஆரம்பிக்கும் இடத்தையும், கம்பியையும், உப்பிய பெயிண்டையும் காட்டினேன். "ஜன்னல் இதுக்குக் கீழ இருக்கும்மா. தண்ணி மேலேர்ந்து, சுவர் வழியா வருது. ஸ்கிரீனை நான் எத்தனை தடவை வெளுத்தாலும் விரிசலை அடைக்கலைன்னா அடுத்த மழைக்கு இதே இடத்துல இதே கோடு விழும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் போய்விட்டார். அந்தப் பெண் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கழற்றிய ஸ்கிரீனின் முதுகுப்புறம் கீழ் மடிப்பில் கருப்புப் பொட்டுகள் தெரிந்தன. பூஞ்சணம். அதற்கு நேர் கீழே குழந்தையின் தொட்டில்! "குழந்தைக்கு இருமல், இளைப்பு ஏதாவது உண்டாம்மா?" என்றேன். ராத்திரியில் மூக்கடைப்பு, இருமல் என்றாள். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஈரச் சுவரும் பூஞ்சணமும் இருக்கிற அறையில் சின்னக் குழந்தைகளுக்கு மூச்சுத் தொந்தரவு வரும், இருப்பதும் அதிகமாகும் என்பது தெரியும். "முதல்ல தொட்டிலை அடுத்த ரூமுக்கு மாத்துங்க. இருமலை டாக்டர்கிட்டக் காட்டிடுங்க. ஸ்கிரீன் எங்கயும் ஓடிப் போகாது" என்று சொன்னேன்.

இனி, அந்தத் துணியை என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பருத்தி ஸ்கிரீன்தானென்றால் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. (என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன்!)

முதலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, பூஞ்சணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினேன். இதை வீட்டுக்குள் செய்தால் அறை முழுக்கப் பறக்கும். பிறகு உதறு உதறென்று உதறினேன். புழுதியோடு நனைத்தால் புழுதி சேறாகிவிடும். அப்புறம் கீழ் மடிப்பில் உள்பக்கமாக ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிஷம் அழுத்திப் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை. ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பெரிய டப்பில் வெறும் பச்சைத் தண்ணீர். சோப்பு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முழு ஸ்கிரீனையும் முக்கி அரை மணி நேரம் விட்டேன். எடுத்துப் பார்த்தால் தண்ணீர் டிக்காஷன் நிறம்! கொட்டிவிட்டு மறுபடி. மூன்றாவது தண்ணீர்தான் தெளிந்தது. பாதிக் கறை இதிலேயே போய்விடும். இந்தப் பொறுமை இல்லாமல் நேராக வாஷிங் மெஷினில் போட்டு, வெந்நீர் விட்டு, இஸ்திரியும் போட்டுக் கொண்டு வருவார்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கஷ்டமான கேஸ். சூடு பட்டால் கறை துணியோடு இறுகிப் போகும். கறை போயிற்று என்று உறுதியாகத் தெரிகிற வரை இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள்.

பிறகு ஈசி மாதிரி மென்மையான சோப்பு நீரில் கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுத்தேன். அலசிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டம்ளர் கணக்கில் வெள்ளை வினிகர் கலந்து அதில் அரை மணி நேரம். நங்கநல்லூர்ப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். துணியில் படிகிற சுண்ணாம்பு உப்பை வினிகர் கரைத்துவிடும். மறுபடி நன்றாக அலசல். கடைசி அலசலுக்கு மட்டும் நான் போர் தண்ணீர் விடுவதில்லை. மழையில் ட்ரம்மில் பிடித்து, துணி போட்டு வடிகட்டி வைத்த தண்ணீர்தான். ஆமாம், கறையை உண்டாக்கிய அதே மழைத் தண்ணீர்!

வெள்ளைப் பருத்தி மட்டும் என்றால், இவ்வளவுக்கும் போகாத கோட்டுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டு. மருந்துக் கடையில் 6 சதவீதம் என்று போட்டிருக்கும். சம அளவு தண்ணீர் கலந்து தடவி, கொஞ்ச நேரம் விட்டு அலசலாம். கலர் துணிக்கு வேண்டாம். துருப் புள்ளிக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும், அதற்கும் முதலில் மடிப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். துருவின்மேல் பிளீச்சிங் மட்டும் போடாதீர்கள், அது துருவை நிரந்தரமாக்கிவிடும்.

காயவைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முறுக்கிப் பிழிந்து கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால், மேலே சீக்கிரம் காய்ந்து, தண்ணீரெல்லாம் கீழ் மடிப்பில் இறங்கி, அங்கே புதிதாக ஒரு கோடு! நான் அகலமாக விரித்துப் போட்டு, கீழ் மடிப்பைப் பழைய டவலால் அவ்வப்போது ஒற்றி எடுப்பேன். பருத்தி ஒன்றிரண்டு அங்குலம் சுருங்கவும் சுருங்கும். லேசான ஈரத்தோடு அதன் கம்பியிலேயே மாட்டிவிட்டால் தன் கனத்திலேயே இழுபட்டு நேராக நிற்கும்.

பட்டு, வெல்வெட், ரேயான், பின்னால் ரப்பர் மாதிரிப் பூச்சு கொடுத்த துணி, இவற்றை நீங்கள் தொடாதீர்கள். சிலவற்றை நானும் தொடமாட்டேன். "தெரியலைங்க" என்று சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தைக்குத்தான் நாலாயிரம் கொடுத்திருக்கிறேனே!

இன்னொன்று. இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தொழிலுக்கு வந்த புதிதில், வினிகரும் நல்லது, பிளீச்சிங்கும் நல்லது, இரண்டையும் சேர்த்தால் ரொம்ப நல்லது என்று நினைத்து, கதவு சாத்திய பாத்ரூமில் ஒன்றாகக் கலந்தேன். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கின மாதிரி ஆயிற்று. கண்ணெரிச்சல், இருமல், மூச்சே வரவில்லை. எப்படியோ தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்து விழுந்தேன். அது குளோரின் வாயு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வினிகரோ, எலுமிச்சையோ, பாத்ரூம் ஆசிட்டோ, புளிப்பு எதையும் பிளீச்சிங்கோடு சேர்க்காதீர்கள். ஒன்றைக் கொட்டிய டப்பில் கழுவாமல் அடுத்ததைக்கூடக் கொட்டாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பத்து நாள் கழித்து நங்கநல்லூருக்கு ஸ்கிரீனைக் கொண்டுபோனேன். படியேறும்போதே சுவரில் புது சிமென்ட் பூசிய தடம் கண்ணில் பட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டு விரிசலை அடைத்துவிட்டார்கள். சுவர் இன்னும் காயவேண்டியிருந்தது. "இப்ப மாட்டாதீங்க, ரெண்டு வாரம் மடிச்சு வைங்க" என்றேன். ஸ்கிரீனை விரித்துக் காட்டினேன். கோடு போயிருந்தது. உச்சி மடிப்பில் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு நிழல். அதை மறைக்காமல் காட்டித்தான் காசு வாங்கினேன்.

"தொட்டிலை மாத்தினதுலேர்ந்து ராத்திரி கொஞ்சம் தூங்கறான்கா. டாக்டரும் ரூமைக் காய வெக்கச் சொன்னார்" என்றாள் அந்தப் பெண்.

மாமியார் காபி கொண்டுவந்தார். எனக்கு ஒரு டம்ளர், மருமகளுக்கு ஒரு டம்ளர். "ஆறிப்போகும், குழந்தையை இப்படிக் குடு" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் டம்ளரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், "இரும்மா" என்று உள்ளே போய் ஒரு நியூஸ் பேப்பர் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் பழைய மேஜை விரிப்பு. குறுக்குத் தையலில் மயில் போட்டது. ஒரு மூலையில் அகலமாகப் பழுப்பு வட்டம்.

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல போட்டது. கூஜா கவுந்துடுச்சு. என் மாமியார் என்ன பேச்சுப் பேசினாங்க தெரியுமா? அதோட எடுத்து உள்ள வெச்சவதான். முப்பத்தஞ்சு வருஷம் இருக்கும். இது போகுமா?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நூலே அந்த இடத்தில் பழுத்திருந்தது. மயிலின் சிவப்பு நூல் சாயம் விடுமா என்றும் பார்க்க வேண்டும்.

"குறையும்மா. முழுக்கப் போகாது."

"குறைஞ்சா போதும். எடுத்துட்டுப் போ" என்றார்.